ஆடு, குதிரை, மனிதன்: சிவப்பணுச் சவ்வின் ஜெல்லில் பேண்டுகள் ஒத்துப்போகவில்லை. எது நிஜமான வித்தியாசம்?

கேள்வி: கூமாஸிநீலம்

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். பாலூட்டிகளோட ரத்தச் சிவப்பணுச் சவ்வுப் புரதங்களை ஒப்பிடுறதுதான் ப்ராஜெக்ட். கையில மூணு ரத்தம் இருக்கு. மனித ரத்தம் ஆய்வக நண்பர்கள் கொடுத்தது. வெள்ளாட்டு ரத்தம் அறுப்புக்கூடத்துல காலையில, உறையாம இருக்க இடிடிஏ போட்ட பாட்டில்ல பிடிச்சது. குதிரை ரத்தம், குதிரையேற்றம் சொல்லித் தர்ற ஒரு இடத்துல கால்நடை மருத்துவர் எடுத்துக் கொடுத்தது.

சலைன்ல கழுவி, மேல நிக்கிற வெள்ளைப் படலத்தை பிப்பெட்டால உறிஞ்சிட்டு, 5 மில்லிமோலார் பாஸ்பேட், பிஎச் 8, ஐஸ்ல வச்சு உடைச்சேன். கோஸ்ட் (ஹீமோகுளோபின் போனதும் மிஞ்சுற வெறும் சவ்வு) மூணுமே பால் மாதிரி வெள்ளையா வந்தது. எல்லாத்துலயும் சமமா 20 மைக்ரோகிராம் புரதம் ஏத்தி, புரதங்களை அளவு வாரியாப் பிரிக்கிற எஸ்டிஎஸ் ஜெல் ஓட்டினேன்.

மனித வரிசை பாடப்புத்தகப் படம் மாதிரியே இருக்கு. மேலே ஸ்பெக்ட்ரின் ரெண்டு கோடு, கீழே ஆன்கைரின், அகலமா பேண்ட் 3, அப்புறம் 4.1, 4.2, ஆக்டின், பேண்ட் 6. ஆட்டு வரிசையில ஆன்கைரின் இருக்க வேண்டிய இடம் மங்கல். அதுக்குக் கீழே பேண்ட் 3 வரைக்கும் சின்னச் சின்னதா நிறைய கோடு, நடுவுல புகை மாதிரி. குதிரை வரிசை சுத்தமா இருக்கு, ஆனா 4.2 இடத்துல ஒண்ணுமே இல்லை. சர்க்கரையைப் பிடிக்கிற பிஏஎஸ் சாயம் போட்டா மூணும் மூணு விதம்.

"பிரிச்செடுத்ததுல கோளாறு, திரும்பப் பண்ணு"ன்னு கைடு சொல்றார். திரும்பப் பண்ணினாலும் அதேதான் வருது. இதுல எது விலங்குக்கு விலங்கு நிஜமாவே மாறுறது, எது என் கைவேலையால வந்தது? ஒப்பிடும்போது எந்தப் பேண்டை அடிப்படையா வைக்கணும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

பதில்: சவ்வுக்காரி

உங்க ஜெல்லை வார்த்தையிலேயே பார்க்க முடிந்தது. இவ்வளவு தெளிவாக எழுதிக் கேட்பவருக்குப் பதில் சொல்வது சந்தோஷம். நான் பல வருஷம் இந்தச் சவ்வுகளோடு மட்டுமே வாழ்ந்தவள். பிகானேரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த ஒட்டக ரத்தமும் அதில் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆட்டிலிருந்து தொடங்கலாம். ஆன்கைரின் மங்கி, அதற்கும் பேண்ட் 3-க்கும் நடுவே புதுக் கோடுகள் முளைத்தால் முதலில் வெள்ளணுவைச் சந்தேகப்படுங்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் துகள்களில் இலாஸ்டேஸ், கதெப்சின் ஜி போன்ற புரதம் வெட்டும் நொதிகள் நிறைந்திருக்கும். நீங்கள் சிவப்பணுவை உடைக்கும் அதே நீர்த்த பஃபர் வெள்ளணுவையும் உடைக்கிறது. வெளியே வரும் நொதி முதலில் கை வைப்பது ஆன்கைரின் மேல்தான், 4.1, பேண்ட் 3 எல்லாம் அடுத்து. மனித ரத்தத்திலும் இது நடக்கும், ஆனால் ஆட்டில் மோசமாக நடக்கக் காரணம் இருக்கிறது.

மனிதச் சிவப்பணுவின் கன அளவு சுமார் 90 ஃபெம்டோலிட்டர். வெள்ளாட்டினுடையது 20 அளவில்தான். வீட்டு விலங்குகளிலேயே மிகச் சிறியது அது. இவ்வளவு சின்ன அணு மெதுவாகத்தான் அடியில் இறங்கும். ஆட்டு அணுக்கள் நாணயம் அடுக்கியது போல ஒட்டிக்கொள்வதும் இல்லை, அதனால் தானாகப் படிவது மிக மெல்ல. வெள்ளைப் படலம் மேலே பட்டையாக நிற்காமல் சிவப்போடு கலந்து கிடக்கும். நீங்கள் பிப்பெட்டால் எடுத்தது மேலே தெரிந்த பங்கை மட்டுமே. குதிரை இதற்கு நேர் எதிர். அதன் அணுக்கள் அடுக்கடுக்காக ஒட்டி, குழாயை நிறுத்தி வைத்த கொஞ்ச நேரத்திலேயே சரசரவென்று இறங்கிவிடும், வெள்ளணு மேலே பிரிந்து நிற்கும். உங்கள் குதிரை வரிசை சுத்தமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

ஆகவே ஆட்டு ரத்தத்தைச் செல்லுலோஸ் பத்தியில் வடியுங்கள். ஆல்ஃபா செல்லுலோஸும் நுண்படிகச் செல்லுலோஸும் சம எடையில் கலந்து, சலைனில் நனைத்து, ஊசிக்குழாயில் நிரப்பினால் போதும். வெள்ளணுவும் தட்டணுவும் அதிலேயே தங்கிவிடும். பியூட்லர் குழு 1976-ல் எழுதிய முறை, இன்றைக்கும் இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது, கோஸ்டைச் சென்ட்ரிபியூஜில் இறக்கிய பிறகு குழாயைச் சாய்த்துப் பாருங்கள். தளர்வாக ஆடும் வெள்ளைப் படிவுக்கு அடியில் கெட்டியான ஒரு சின்னப் பொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டும் நொதி அதிகம் இருப்பது அந்தப் பொட்டில்தான். கோஸ்டை மெல்லச் சுழற்றி ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு கழுவலிலும் அந்தப் பொட்டை உறிஞ்சி எறியுங்கள். ஃபேர்பேங்க்ஸ், ஸ்டெக், வாலக் மூவரும் 1971-ல் இந்தப் பேண்டுகளுக்கு எண் கொடுத்த வேலையில் பயன்படுத்தியதும் நீங்கள் எடுத்த அதே 5 மில்லிமோலார், பிஎச் 8 பஃபர்தான். முறையை எழுதும்போது பலர் விட்டுவிடுவது இந்தப் பொட்டை.

புரதம் வெட்டும் நொதியைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் சேர்க்கிறீர்களா என்று எழுதவில்லை. சேர்த்தால் காலையில் ஒரு தடவை பஃபரில் ஊற்றிவிட்டு நாள் முழுக்க நம்பியிருக்க வேண்டாம். தண்ணீரில் அது தானாகச் சிதையும். பிஎச் 8-ல், அறை வெப்பத்தில், ஒரு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். ஐசோப்ரொப்பனாலில் கரைத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கழுவலுக்கும் புதிதாகச் சேருங்கள்.

குதிரையின் 4.2 வேறு கதை. அதை நான் நம்புகிறேன். குதிரைச் சிவப்பணுச் சவ்வில் 4.2 தெரிவதில்லை என்பது ஏற்கனவே பதிவான விஷயம்தான். மனிதரில் 4.2 இல்லாமல் போனால் அணு உருண்டையாகி, சீக்கிரம் சிதைந்து, ரத்தசோகை வரும். ஜப்பானில் இந்த வகை நன்றாக விவரிக்கப்பட்டிருக்கிறது. 4.2 மரபணுவை நீக்கிய எலியிலும் லேசாக அதே நோய். குதிரையோ அந்தப் பேண்டே கண்ணுக்குத் தெரியாத சவ்வோடு பந்தயம் ஓடுகிறது. அதன் சிவப்பணு ஏறக்குறைய 145 நாள் வாழ்கிறது, நம்முடையது 120 நாள். இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு புரதம் இல்லாததை ஒரு விலங்கில் நோய் என்கிறோம், இன்னொன்றில் அதுவே இயல்பு. நம் ஜெல்லை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற விலங்கில் குறை தேடினால் இந்த மாதிரி விஷயமெல்லாம் கண்ணில் படாது.

ஆனால் கைடை ஒப்புக்கொள்ள வைக்க ஒரு சோதனை வேண்டும். மனிதக் கோஸ்டையும் குதிரைக் கோஸ்டையும் சம அளவு கலந்து, நொதித் தடுப்பான் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று, ஐஸில் நீங்கள் வழக்கமாக எடுக்கும் நேரம் வைத்து ஓட்டுங்கள். கலவையில் மனித 4.2 நின்றால், குதிரை மாதிரியில் அதைத் தின்னும் நொதி எதுவும் இல்லை என்று அர்த்தம். காணாமல் போனால் கைடு சொன்னதே சரி. 4.2 வேறு வேகத்தில் ஓடி 4.1-க்கு அடியில் ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கும் வழி விடுங்கள். குறைந்த சதவீத ஜெல்லில் ஒரு தடவை நன்றாக விரித்துப் பார்த்துவிடுங்கள். மனித 4.2-க்கு எதிரான ஆன்டிபாடியில் குதிரை வரிசை வெறுமையாக வந்தால் அதை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். அந்த ஆன்டிபாடி குதிரைப் புரதத்தை அடையாளம் காணாமலேயே இருக்கக்கூடும்.

பேண்ட் 6 பற்றி ஒரு வரி. அது கிளிசரால்டிஹைடு பாஸ்பேட் டிஹைட்ரோஜனேஸ் என்ற நொதி. சவ்வில் மின்னூட்டத்தால் மட்டும் ஒட்டியிருக்கிறது, சாதாரண சலைன் அளவு உப்பிலேயே கழன்றுவிடும். ஒரே பஃபர், ஒரே பிஎச், ஒரே எண்ணிக்கைக் கழுவல் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் அதை வைத்து எந்த முடிவும் எழுத வேண்டாம்.

எதை அடிப்படையாக வைப்பது என்று கேட்டீர்களே, உங்கள் ப்ராஜெக்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. சமமாக 20 மைக்ரோகிராம் ஏற்றுவது ஜெல் அழகாக வர உதவும், ஒப்பீட்டுக்கு உதவாது. ஒரு படி கலவைப் பருப்பில் துவரை கூடினால் உளுந்து குறைந்துபோனதாகத் தெரியும், உண்மையில் யாரும் உளுந்தைக் குறைத்திருக்க மாட்டார்கள். ஒட்டகத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒட்டகச் சவ்வில் கொழுப்போடு ஒப்பிட்டால் புரதத்தின் விகிதம் மனிதச் சவ்வில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இஸ்ரேலில் லிவ்னேயும் அவரோடு வேலை செய்தவர்களும் 1970-களில் இதைக் காட்டினார்கள். அதன் உறவினமான லாமாவின் சவ்வில் பேண்ட் 3 மிக அதிகம் என்று 1983-ல் கோடாடாடும் வெய்ன்ஸ்டைனும் எழுதினார்கள். அப்படிப்பட்ட சவ்வைச் சம எடையில் ஏற்றினால் பேண்ட் 3 தடித்து, ஸ்பெக்ட்ரின் இளைத்துத் தெரியும். "ஒட்டகத்தில் ஸ்பெக்ட்ரின் குறைவு" என்று எழுதிவிடத் தோன்றும். அது தவறு.

நான் எப்போதும் ஸ்பெக்ட்ரினை அடிப்படையாக வைத்து மற்றவற்றை மோல் விகிதமாக, அதாவது எடையில் அல்லாமல் மூலக்கூறு எண்ணிக்கையில், எழுதுவேன். மனித அணு ஒன்றில் ஸ்பெக்ட்ரின் இரட்டைகள் சுமார் 2 லட்சம், பேண்ட் 3 சுமார் 12 லட்சம். ஆக ஒன்றுக்கு ஆறு. உங்கள் மனித வரிசை இதற்குப் பக்கத்தில் வந்தால் மற்ற வரிசைகளை நம்பத் தொடங்கலாம். ரொம்ப விலகினால் சாயத்தையோ ஸ்கேனையோ சரிபார்க்க வேண்டும். இதோடு, கோஸ்ட் செய்யும் முன் அணுக்களை எண்ணிவிடுங்கள். அடர்த்தியாக இறக்கிய 1 மில்லிலிட்டர் மனித அணுவில் ஏறத்தாழ 1,100 கோடி அணுக்கள். ஆட்டில் அதே 1 மில்லிலிட்டரில் 5,000 கோடி. சின்ன அணுவுக்குக் கன அளவோடு ஒப்பிட்டால் பரப்பு அதிகம், அதனால் சவ்வும் ஏராளம். ஒரே அளவு பஃபரும் ஒரே அளவு தடுப்பானும் இரண்டுக்கும் போதாது. ஆட்டுக்குக் கூட்டித்தான் ஊற்ற வேண்டும்.

ஒட்டகத்தைப் பற்றி இன்னும் எழுத ஆசை. அந்த அணு நீள்வட்டம், தட்டை, நடுவில் குழி கிடையாது. சில நிமிடங்களில் 100 லிட்டர் தண்ணீர் குடிக்கும் விலங்கு அது, ரத்தம் சட்டென்று நீர்த்தாலும் அணு வெடிப்பதில்லை. முதல் கன அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உப்பியும் தாங்கும். நம் அணுவில் பாதி உடைந்துபோகும் 0.45 சதவீத உப்புநீரில் அது நிம்மதியாக இருக்கும். ஹீமோகுளோபினைக் கழுவி எடுத்த பிறகும் கோஸ்ட் நீள்வட்டமாகவே நிற்கும். நுண்ணோக்கியில் அதைப் பார்த்தபோது, அணுவின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் சரக்கு அல்ல, இந்தச் சவ்வும் அதன் சட்டகமும்தான் என்று எந்தப் பாடத்தையும்விட உறுதியாகப் புரிந்தது.

பேண்ட் 3 முழுக்க இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் இருக்கிறது. ஜப்பானியக் கருப்பு மாடுகளில் ஒரு குடும்பத்தில் அது நேர்ந்தது. 1996-ல் இனாபா குழு வெளியிட்டது. மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறி, அர்ஜினின் வர வேண்டிய இடத்தில் நிறுத்தக் குறி. பேண்ட் 3 சுத்தமாக இல்லை. அதோடு ஸ்பெக்ட்ரின், ஆன்கைரின், ஆக்டின், 4.2 எல்லாமே குறைந்து, சவ்வு துண்டு துண்டாக உதிர்ந்து, அணு உருண்டையாகிவிட்டது. பேண்ட் 3 செய்யும் பைகார்பனேட் பரிமாற்றமும் கெட்டு ரத்தத்தில் லேசான அமிலத்தன்மை. ஆனாலும் மாடு பிழைத்திருந்தது, வளர்ச்சி குன்றி, மிதமான ரத்தசோகையோடு. மனிதரில் இதே நிலையில் பிறந்த ஒரு குழந்தையைப் பிறந்த நொடியிலிருந்து செயற்கைச் சுவாசமும் ரத்தமும் கொடுத்துத்தான் காப்பாற்ற முடிந்தது. ஒரே புரதம் இல்லாமல் போவதை இரண்டு உடம்பும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. உங்கள் ஆய்வறிக்கையின் முன்னுரையில் இதற்கு ஒரு பத்தி கொடுங்கள் என்பது என் ஆசை.

பதில்: மாட்டாஸ்பத்திரி

சகோ, மேடம் ஜெல்லைப் பத்தி எல்லாம் சொல்லிட்டாங்க. நான் கால்நடை மருத்துவர், எங்க பக்கத்துல இருந்து ரெண்டு விஷயம்.

கூமாஸி சாயத்துல தெரியுற புரதம் மட்டும் வித்தியாசம்னு நினைச்சுடாதீங்க. எண்ணிக்கையில கம்மியா இருக்குற பம்பும் டிரான்ஸ்போர்ட்டரும் ஜெல்லுல கண்ணுக்கே தெரியாது, ஆனா விலங்குக்கு விலங்கு பெரிய மாற்றம் அங்கதான். பெரும்பாலான நாய்களோட முதிர்ந்த சிவப்பணுவுல சோடியம் பொட்டாசியம் பம்பு கிடையாது. அதனால உள்ளே சோடியம் கூட, பொட்டாசியம் கம்மி. பூனையும் அப்படித்தான். ஆனா அகிதா, ஷிபா மாதிரி ஜப்பானிய இனங்கள்ல சில நாய்க்கு அந்தப் பம்பு முதிர்ந்த அணுவுலயும் நிக்கும், உள்ளே பொட்டாசியம் நிறைய இருக்கும். அந்த நாயோட ரத்தத்தை எடுத்து சீரம் பிரிக்காம அப்படியே விட்டுட்டா, பொட்டாசியம் வெளியே கசிஞ்சு ரிப்போர்ட்ல பயங்கரமா ஏறிக் காட்டும். நாய் என்னவோ நல்லாத்தான் இருக்கும். இது தெரியாம சிகிச்சையை ஆரம்பிச்சுடக் கூடாதுன்னு எங்க ஜூனியர்ங்ககிட்ட திரும்பத் திரும்பச் சொல்லுவேன். ஆடு, செம்மறி, மாட்டுல ஒரே இனத்துக்குள்ளயே பொட்டாசியம் கூடின அணுவும் இருக்கு, குறைஞ்ச அணுவும் இருக்கு. அதனால "வெள்ளாடு"ன்னு ஒரே ஒரு ஆட்டை வச்சு எழுதாதீங்க. பல ஆடு வேணும்.

வளர்ந்த பன்றியோட சிவப்பணு குளுக்கோஸை ஏறக்குறைய உள்ளேயே விடாது, இனோசினை வச்சுப் பிழைக்குது. மனித அணுவிலயோ குளுக்கோஸ் கடத்தி குளூட்1 அவ்வளவு குவிஞ்சு கிடக்கு. வைட்டமின் சி-யைத் தானே தயாரிக்க முடியாத மனிதன், கினிப்பன்றி, பழந்தின்னி வௌவால் இவங்க அணுவுலதான் குளூட்1 நிறைய இருக்கு, ஆக்சிஜனேற்றம் அடைஞ்ச வைட்டமின் சி-யை உள்ளே இழுக்க அது உதவுதுன்னு 2008-ல ஒரு ஆய்வு வந்துச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு அது.

அறுப்புக்கூடத்து ரத்தம் பத்தி ஒண்ணு. கழுத்துல இருந்து பீறிட்டு வர்ற ரத்தத்தோட இரைப்பைச் சாறு, மயிர், அழுக்கு எல்லாம் கலக்கும். முடிஞ்சா உயிரோட இருக்குற ஆட்டுல, உரிய அனுமதி வாங்கி, கழுத்து நரம்புல ஊசி போட்டு எடுத்த ரத்தத்தோட ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்க.

பதில்: கொசுவலை

பிஏஎஸ் சாயத்தில் மூன்றும் மூன்று விதமாக வருவது எதிர்பார்க்க வேண்டியதுதான். அந்தச் சாயம் பிடிப்பது சர்க்கரையை. சவ்வில் அதிகச் சர்க்கரை சுமப்பது கிளைக்கோஃபோரின்கள். மனித கிளைக்கோஃபோரின் ஏ 131 அமினோ அமிலங்கள் கொண்டது. எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. 1975-ல் மார்ச்சேசியின் ஆய்வகம் அதன் வரிசையை முழுசாக எழுதியது. சவ்வைக் கடக்கும் பகுதி விலங்குகளுக்கிடையே ஓரளவு ஒத்துப்போகும், வெளியே நீட்டியிருக்கும் பகுதி தாறுமாறாக மாறும். மனித கிளைக்கோஃபோரின் ஆன்டிபாடியை ஆட்டில் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நான் மலேரியா பக்கம் வேலை செய்பவன், அதனால் இதில் எனக்கு அக்கறை அதிகம். நம் முன்னோரில் சிஎம்ஏஎச் என்ற மரபணு செயலிழந்ததால் மனித அணுவின் மேல் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையில் ஒரு வகை மட்டுமே இருக்கிறது. சிம்பன்சியில் அதன் இன்னொரு வடிவமும் உண்டு. ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி கிளைக்கோஃபோரின் ஏ-யைப் பற்றிக்கொள்ளும் புரதம் நம் வடிவத்தை விரும்புகிறது. சிம்பன்சியின் ஒட்டுண்ணியான ரீகனோவியில் அதே புரதம் அவற்றின் வடிவத்தை விரும்புகிறது. பூனைகளின் ஏ, பி ரத்த வகையும் இதே இரண்டு சயாலிக் அமிலங்களைப் பொறுத்ததுதான். ஆகவே கூமாஸி படத்துக்குப் பக்கத்தில் பிஏஎஸ் படத்தையும் தவறாமல் போடுங்கள்.

கூமாஸிநீலம் (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செல்லுலோஸ் பத்தியில வடிச்சு, அடியில இருக்குற பொட்டை உறிஞ்சி எறிஞ்சு, பிஎம்எஸ்எஃப்-ஐ ஒவ்வொரு கழுவலுக்கும் புதுசா சேர்த்து ஆட்டை ஓட்டினேன். புகை போயிடுச்சு. ஆன்கைரின் கோடா நிக்குது. கலவைச் சோதனையில தடுப்பான் இல்லாமலும் மனித 4.2 அப்படியே இருக்கு, குதிரை வரிசையில மட்டும் இடம் காலி. கைடு படத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இதை முடிவுகள் அத்தியாயத்துல முதல்ல வை"ன்னு சொன்னார்.

மேடம், ஸ்பெக்ட்ரினை அடிப்படையா வச்சு மனித வரிசையைக் கணக்குப் போட்டேன். பேண்ட் 3 ஒண்ணுக்கு ஆறு வரலை, நாலரைக்குப் பக்கத்துலதான் வருது. இதை எப்படி எடுத்துக்கிறது?

சவ்வுக்காரி

நாலரை வந்தால் கவலைப்பட வேண்டாம்மா. பேண்ட் 3 சர்க்கரை சுமப்பதால் மேலும் கீழும் பரந்து ஓடுகிறது. ஸ்கேன் மென்பொருள் அதன் இரண்டு ஓரங்களையும் வெட்டிவிட்டு உச்சியை மட்டும் எண்ணும். எல்லையை அகலமாகக் கையால் குறித்துப் பாருங்கள். சர்க்கரை சேர்ந்த புரதத்தில் கூமாஸி கொஞ்சம் குறைவாகப் பிடிப்பதும் உண்டு. ஒரே மனிதக் கோஸ்டைக் கூடிக்கொண்டே போகும் அளவுகளில் ஏற்றி, எந்த அளவுவரை சாயம் நேர்கோட்டில் ஏறுகிறது என்று வரைந்துகொள்ளுங்கள். ஸ்பெக்ட்ரின் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் விகிதம் இன்னும் தப்பும். அதன் பிறகும் நாலரையே வந்தால் நாலரை என்றே எழுதுங்கள். மூன்று விலங்குக்கும் ஒரே ஜெல், ஒரே சாயம், ஒரே ஸ்கேன் என்றால் அவற்றுக்கு நடுவே உள்ள ஒப்பீடு நிற்கும். புத்தக எண்ணுக்குப் பொருந்த வேண்டும் என்று எதையும் திருத்தாதீர்கள்.

ஆட்டுக் கோஸ்டை மைனஸ் 80-ல் வைக்கும் முன் எஸ்டிஎஸ் மாதிரி பஃபரில் கொதிக்க வைத்துச் சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்துவிடுங்கள். வெறும் கோஸ்டாக உறையவைத்து உருக்கினால், மிச்சம் மீதி நொதி இருந்தால் மறுபடியும் வேலையைத் தொடங்கிவிடும். மாட்டாஸ்பத்திரி சொன்னது போல இன்னும் சில ஆடுகளின் ரத்தம் கிடைத்ததும் அந்த வரிசைகளையும் இங்கே எழுதுங்கள், பேண்ட் 3-க்கும் ஸ்பெக்ட்ரினுக்கும் உள்ள விகிதம் ஆட்டுக்கு ஆடு எவ்வளவு ஆடுகிறது என்று எனக்கும் தெரிய வேண்டும்.